பாதி அரித்த லேபிள்: இது மெர்க்குரிக் குளோரைடா, மெர்க்குரஸ் குளோரைடா?

மாலைநிழல் | செவ்வாய், மாலை 4.10

வணக்கம். வேதியியல் ஆய்வகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பல வருடமாக யாரும் திறக்காத அலமாரி ஒன்றைக் காலி செய்யச் சொன்னார்கள். கீழ்த்தட்டின் மூலையில் ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் இருந்தது. முக்கால் அளவுக்கு வெள்ளைத் தூள். லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது. 'மெர்க்குர' வரை தெரிகிறது, அப்புறம் ஓட்டை, அதற்குப் பிறகு 'குளோரைடு'. மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. பாட்டிலுக்கு அடியில் தட்டிலும் கொஞ்சம் தூள் கிடந்தது. என்னவென்று தெரியாமல் வெறும் விரலால் தடவிப் பார்த்துவிட்டேன்.

இரண்டுமே பாதரச உப்புதான். இது மெர்க்குரிக்கா, மெர்க்குரஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு துளி அமோனியா விட்டால் தெரிந்துவிடும் என்று படித்த ஞாபகம். தெரிந்தபின் எப்படி அப்புறப்படுத்துவது? இங்கே இருக்கும் மூத்தவர் ஒருவர், "நிறையத் தண்ணீர் விட்டு சிங்க்கில் கரைத்துவிடு, போய்விடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

உப்புக்கல் | செவ்வாய், மாலை 4.22

முதலில் கை. இன்னும் கழுவவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போங்கள். ஓடும் தண்ணீர், சோப்பு, நகக்கண் வரைக்கும். அதற்கு முன்னால் கண்ணையோ வாயையோ தொடாதீர்கள், கைப்பேசியையும்தான். மேலே தூள் பட்டிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் கோட்டைக் கழற்றி ஒரு பையில் தனியாகக் கட்டிவையுங்கள்.

அப்புறம் பாட்டில். திறக்க வேண்டாம். மூடியில் இருக்கும் பொருக்கைச் சுரண்டவும் வேண்டாம், அதுவும் அதே பொருள்தான், திருகினால் தூளாகப் பறக்கும். நைட்ரைல் கையுறை இரண்டு அடுக்காகப் போட்டு, அடியில் ஒரு கையும் பக்கத்தில் ஒரு கையுமாகத் தூக்குங்கள். பாதரச உப்புகள் பார்ப்பதைவிட ரொம்பக் கனமானவை. மெர்க்குரிக் குளோரைடு படிகம் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஐந்தரை மடங்கு, மெர்க்குரஸ் ஏழு மடங்கு. சமையல் உப்பு பாட்டில் மாதிரி நினைத்துக் கழுத்தைப் பிடித்துத் தூக்கித்தான் பலர் நழுவவிடுகிறார்கள். மூடியுள்ள அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அப்படியே இறக்கி மூடுங்கள். டப்பா மேல் 'பாதரச உப்பு, நச்சு, திறக்காதே' என்று தேதியோடு எழுதிப் பூட்டிவையுங்கள்.

தட்டில் கிடக்கும் தூளுக்குத் துடைப்பம் வேண்டாம், வேக்குவமும் வேண்டாம். இரண்டும் அதைக் காற்றில் ஏற்றிவிடும். நனைத்த காகிதத் துண்டால் வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுத்து, மடித்து ஜிப் பையில் போடுங்கள். போட்டிருந்த கையுறையும் அதே பைக்குள் போகட்டும்.

சிங்க் பற்றி அப்புறம் பேசலாம். இப்போதைக்கு ஒரு துளிகூடப் போகக் கூடாது.

நீலத்துத்தம் | செவ்வாய், மாலை 5.05

அமோனியா சோதனை சரியானதுதான். மெர்க்குரஸ் குளோரைடு மேல் அமோனியா விட்டால் கறுத்துவிடும். அதன் மறுபெயரான 'கலோமெல்' என்பதே அழகிய கறுப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மெர்க்குரிக் என்றால் வெள்ளையாகவே இருக்கும். நம் பழைய மருத்துவ நூல்களில் பூரம் என்பது கலோமெல், சவ்வீரம் என்பது மெர்க்குரிக். இரண்டையும் பதங்கமாக்கித்தான் எடுத்தார்கள், பார்க்கவும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். ஆனால் குணம் வேறு. கலோமெல் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். மெர்க்குரிக்கோ 100 மில்லியில் ஏழு கிராம் அளவுக்குக் கரையும். ஒன்றை ஒரு காலத்தில் பேதிக்கு மருந்தாகக் கொடுத்தார்கள், மற்றது கொல்லும் நஞ்சு. எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். கடுகளவு எடுத்து ஃபியூம் ஹூடில் (காற்றை வெளியே இழுக்கும் ஆய்வக அடைப்பில்) பார்த்தால் போதுமே?

உப்புக்கல் | செவ்வாய், மாலை 5.31

நீலத்துத்தம், வேதியியல் சரி. ஆனால் விடை கிடைத்தபின் என்ன செய்யப் போகிறோம்? கறுத்தால் கலோமெல் என்று நினைத்துக் கவனத்தைத் தளர்த்துவோமா? அங்கேதான் பயமாக இருக்கிறது. கலோமெல் வெளிச்சம் படப்பட மெதுவாக உடைந்து உலோகப் பாதரசமாகவும் மெர்க்குரிக் குளோரைடாகவும் மாறும். பல வருடம் கிடந்த பாட்டிலில் மேலாப்பில் எடுத்த கடுகளவு, அடியில் இருப்பதைச் சொல்லாது.

இன்னொன்று, கலோமெலும் சாதுவானது இல்லை. பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கலோமெல் பொடி கொடுத்த காலத்தில் கை கால் சிவந்து, தோல் உரிந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் தவித்த பிள்ளைகள் ஏராளம். 'இளஞ்சிவப்பு நோய்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பொடிகளைக் கடையிலிருந்து எடுத்தபின் நோயும் ஏறக்குறைய மறைந்துபோனது. சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம்களில் அதே உப்பைக் கலந்து, பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்ட கதை இப்போதும் நடக்கிறது.

எனவே கெட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மெர்க்குரிக் என்று எழுதி ஒப்படைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. திறக்காமல் இருப்பதற்கு இந்தச் சோதனையைவிட மதிப்பு அதிகம்.

வெள்ளோட்டம் | செவ்வாய், இரவு 8.47

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மருந்தியல் படிக்கிறேன். தாவரச் சாற்றில் ஆல்கலாய்டு என்ற நைட்ரஜன் சேர்மம் இருக்கிறதா என்று பார்க்க மேயர் கரைசல் பயன்படுத்துகிறோம். 1.36 கிராம் மெர்க்குரிக் குளோரைடும் 5 கிராம் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்து 100 மில்லி ஆக்குவோம். ஒரு சோதனைக்குச் சில சொட்டுதான். முடிந்ததும் எல்லாரும் குழாயைத் திறந்துவிட்டு சிங்க்கில் கொட்டுகிறோம். எனக்கு முன்னால் படித்தவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். அவ்வளவு தண்ணீரில் கலந்தால் ஆபத்து போய்விடாதா? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான்.

கழிமுகம் | செவ்வாய், இரவு 9.40

நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி. நான் தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருப்பவன். கணக்குப் போட்டே பார்ப்போம்.

மெர்க்குரிக் குளோரைடின் எடையில் ஏறக்குறைய 74 சதவீதம் பாதரசம். அப்படியானால் உங்கள் 100 மில்லி மேயர் கரைசலில் இருப்பது ஒரு கிராம் பாதரசம். குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். அந்த ஒரு கிராமை அந்த அளவுக்கு இறக்க ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரு சோதனைக்கு 0.2 மில்லி என்று வைத்துக்கொண்டாலும் 2 மில்லிகிராம் பாதரசம், அதற்கு 333 லிட்டர். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே மதியத்தில் 100 மில்லிகிராம். குழாயை எவ்வளவு நேரம் திறந்துவைப்பீர்கள்?

சரி, அவ்வளவு தண்ணீரும் விட்டுவிட்டோம் என்றே இருக்கட்டும். பாதரசம் ஒரு தனிமம், அழியாது. கலங்கல், களிமண், குழாய்க்குள் ஒட்டும் வழவழப்பு எல்லாவற்றிலும் பாதரசம் ஒட்டிக்கொள்ளும், கந்தகம் இருக்கும் இடத்தில் இன்னும் இறுக்கமாக. காற்றில்லாத சேற்றில் வாழும் சில பாக்டீரியா, குறிப்பாக சல்ஃபேட்டைச் சுவாசிப்பவை, அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன் உடம்பில் தங்கும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் செறிவு ஏறிக்கொண்டே போகும். நீங்கள் கொட்டிய உப்பு குடலில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உறிஞ்சப்படும். மெத்தில் பாதரசமாகத் திரும்பி வரும்போது 95 சதவீதம் உறிஞ்சப்படும், மூளைக்கும் கருவுக்கும் போகும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்ததை மீன் மறுபடி திரட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஜப்பானில் மீன் வழியாகப் பாதரச நஞ்சு மக்களைத் தாக்கிய மினமாட்டா பற்றி இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கடலில் கொட்டிய கனிமப் பாதரசம் கடலுக்குள் மெத்திலாக மாறியதுதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். சிஸோ ஆலையில் அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரச சல்ஃபேட் வினையூக்கி. அந்த உலைக்குள்ளேயே மெத்தில் பாதரசம் உண்டாகி, கழிவுநீரோடு விரிகுடாவுக்குப் போனது. 1932 முதல் 1968 வரை போனது. நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956 மே மாதத்தில். நடுவில் பன்னிரண்டு வருடம் இருக்கிறது பாருங்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எங்கள் வேலையிலும் பாதரசம் உண்டு, மறைக்கவில்லை. கழிவுநீரின் மாசை ஆக்சிஜன் தேவையாக அளக்கும் சிஓடி சோதனையில் குளோரைடின் குறுக்கீட்டை அடக்க, 20 மில்லி மாதிரிக்கு 0.4 கிராம் மெர்க்குரிக் சல்ஃபேட் போடும் பழைய முறை இருக்கிறது. நான்கு மாதிரி செய்தாலே உங்கள் மேயர் பாட்டிலைத் தாண்டிவிடும். கூடவே வெள்ளியும் குரோமியமும் கடும் அமிலமும். சின்ன மூடிய குப்பி முறைக்கு மாறினோம், அளவு வெகுவாகக் குறைந்தது. அந்தக் குப்பிகள் ஒன்றுகூடத் திறக்கப்படாமல் கழிவுப் பெட்டிக்குப் போகின்றன.

உங்கள் வகுப்புக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஆல்கலாய்டுக்கு டிராகன்டார்ஃப் கரைசல், அதில் பிஸ்மத்தான், பாதரசம் இல்லை. புரதத்துக்குப் பாதரசம் உள்ள மில்லன் சோதனை செய்கிறீர்கள் என்றால், பாதரசம் இல்லாத பையூரெட் சோதனை போதும். அமோனியா அளவிடப் பாதரசம் உள்ள நெஸ்லர் கரைசல் வைத்திருப்பவர்கள் சாலிசிலேட் முறைக்கு வரலாம். ஆசிரியரிடம் மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். மேயர்தான் வேண்டும் என்றால், சோதனைக் குழாயில் இருப்பதும் முதல் மூன்று அலசல் தண்ணீரும் தனி பாட்டிலுக்குப் போகட்டும். வேறு எந்தக் கழிவோடும் அதைக் கலக்காதீர்கள்.

வெள்ளோட்டம் | செவ்வாய், இரவு 10.15

333 லிட்டர் என்பதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். நாளைக்கே கேட்கிறேன்.

நீலத்துத்தம் | புதன், காலை 7.20

உப்புக்கல் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கலோமெல் உடைவதை நான் யோசிக்கவில்லை. ஒரு சந்தேகம் மட்டும். நைட்ரைல் போதுமா? பாதரசச் சேர்மம் கையுறையைத் தாண்டி ஒருவரைக் கொன்றது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த நிகழ்ச்சி இதே பொருளா?

அந்திவெயில் | புதன், காலை 9.02

இதே பொருள் இல்லை தம்பி. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முப்பது வருடம் ஆய்வகத்தில் நின்றவள் நான்.

நீ கேள்விப்பட்டது கேரன் வெட்டர்ஹான் பற்றி. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேராசிரியர். நச்சு உலோகங்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியே. கவனக்குறைவான ஆள் இல்லை. 1996 ஆகஸ்ட் 14 அன்று ஃபியூம் ஹூடில், லேடெக்ஸ் கையுறையோடு, டைமெத்தில் பாதரசம் எடுத்தார். மூலக்கூறுகளின் அமைப்பைப் பார்க்கும் என்எம்ஆர் கருவிக்கு அளவுகோலாகப் பயன்படும் திரவம் அது. பிப்பெட்டிலிருந்து ஒன்றிரண்டு சொட்டு கையுறை மேல் விழுந்தது. அன்றைக்கு இருந்த விதிகளின்படி அவர் செய்தது அத்தனையும் சரி. பிறகு சோதித்தபோது, அந்தத் திரவம் அந்த வகைக் கையுறையைப் பதினைந்து விநாடிக்குள் கடந்துவிடும் என்று தெரிந்தது.

வலி இல்லை, எரிச்சல் இல்லை, முதல் சில மாதம் ஒன்றும் இல்லை. பிறகு எடை குறைந்தது, வயிறு அவ்வப்போது தொந்தரவு செய்தது. 1997 ஜனவரியில் நடை தடுமாறியது, பேச்சு குழறியது. இரத்தத்தில் லிட்டருக்கு 4,000 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. 200 தாண்டினாலே நச்சு என்று கொள்வார்கள். பாதரசத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்தும் மூளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஜூன் 8 அன்று இறந்தார். வயது 48. தனக்கு நடந்ததை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினார். டைமெத்தில் பாதரசத்துக்குப் பல அடுக்கு லேமினேட் கையுறையும் அதன்மேல் நீண்ட கைப்பகுதியுள்ள தடித்த நியோப்ரீன் அல்லது நைட்ரைலும் என்ற அறிவுரை அதற்குப் பிறகு வந்தது. அதைவிட முக்கியம், அந்தத் திரவத்தைத் தொடாமலேயே வேலையை முடிக்க முடியுமா என்று எல்லாரும் கேட்கத் தொடங்கியது.

மாலைநிழலின் பாட்டிலில் இருப்பது உப்பு. கொழுப்பில் அப்படிக் கரைந்து ரப்பருக்குள் ஓடும் குணம் அதற்கு இல்லை. நல்ல நைட்ரைல் போதும், பட்டால் உடனே மாற்ற வேண்டும். ஆனால் உப்பு என்பதால் தோல் தடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மெர்க்குரிக் குளோரைடு தோலை அரிக்கும், தோல் வழியாகவும் கொஞ்சம் உள்ளே போகும்.

இன்னொன்று, என் கண் முன்னால் நடந்தது. எடை போட அலுமினியத் தாளை மடித்து அதில் மெர்க்குரிக் குளோரைடைக் கொட்டினார் ஒரு மாணவர். ஈரப்பதமான நாள். கொஞ்ச நேரத்தில் தாள் சூடாகி, அதிலிருந்து வெள்ளையாக இழை இழையாக ஏதோ வளர ஆரம்பித்தது. அலுமினியத்தைக் காக்கும் ஆக்சைடு படலத்தைப் பாதரசம் உடைத்துவிட்டால் உலோகம் காற்றிலேயே கரைந்துகொண்டு போகும். தாளில் ஓட்டை விழுந்து தராசுத் தட்டு வரை தூள் கொட்டியது. ஆகவே இந்த உப்புக்கு அலுமினியமோ பித்தளையோ வேண்டாம். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஸ்பேச்சுலாதான்.

தராசுக்குத் தூளையும் கொண்டுபோக வேண்டாம். மூடியுள்ள சின்ன குப்பியை முதலில் எடை போட்டு, ஃபியூம் ஹூடுக்குக் கொண்டுபோய் அங்கே தூளைப் போட்டு மூடி, வெளியை ஈரக் காகிதத்தால் துடைத்து, மறுபடி எடை போட்டால் வித்தியாசம்தான் தூளின் எடை. கரைசலின் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். 1.36 சரியாக வரவேண்டும் என்று திரும்பத் திரும்பத் தூவுவதும் எடுப்பதும்தான் தூள் பரவுவதற்குக் காரணம். சூடாக்கவும் கூடாது. சூடுபட்டால் அது பதங்கமாகும், அதாவது ஆவியாகி மேலே போய்ப் படியும்.

மாலைநிழல் | புதன், காலை 11.30

அனைவருக்கும் நன்றி. பாட்டில் டப்பாவுக்குள் போய்விட்டது. தட்டையும் நனைத்த காகிதத்தால் துடைத்துவிட்டேன். ஒன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நேற்று விரலால் தொட்டதிலிருந்து வாயில் ஏதோ உலோகச் சுவை போல இருக்கிறது. பயத்தினாலா என்று தெரியவில்லை. பாதரசத்தை வெளியேற்றும் மாத்திரை இணையத்தில் விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிடலாமா? முட்டை வெள்ளைக்கரு நல்லது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இரவுப்பணி | புதன், மதியம் 1.15

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாத்திரை வாங்காதீர்கள், தயவுசெய்து. இன்றைக்கே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். என்ன தொட்டீர்கள், எவ்வளவு நேரம் கையில் இருந்தது, எப்போது கழுவினீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள்.

பயத்தைக் குறைக்கக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த உப்பை விழுங்கியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. வாயும் தொண்டையும் எரியும், வயிறு பிசையும், வாந்தியிலும் பேதியிலும் இரத்தம் வரும், பிறகு சிறுநீர் குறைந்து சிறுநீரகம் நின்றுபோகும். ஒரு பெரியவரைக் கொல்ல ஒன்று முதல் நான்கு கிராம் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். விரல் நுனியில் பட்டுக் கழுவிய துகள் அதற்கு வெகு தூரம். ஆனாலும் உலோகச் சுவை என்று சொன்னபின் நான் இங்கிருந்தே 'ஒன்றுமில்லை' என்று எழுத மாட்டேன். விரல் வாய்க்குப் போயிருக்கலாம்.

கனிமப் பாதரசத்துக்குச் சிறுநீர்ப் பரிசோதனைதான் சரியான அடையாளம், கூடவே சிறுநீரகச் செயல்பாடு. இரத்தம், முடி இரண்டும் மெத்தில் பாதரசத்தை நன்றாகக் காட்டும், ஆனால் மீன் சாப்பிடுபவர்களுக்கு இரத்த அளவு அதனாலேயே ஏறியிருக்கும். சில இடங்களில் முதலில் மருந்து கொடுத்து உலோகத்தை வெளியே இழுத்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் சிறுநீரை அளந்து 'அதிகம்' என்று சொல்வார்கள். அப்படித் தூண்டி எடுத்த அளவை ஒப்பிடச் சரியான அளவுகோல் கிடையாது. அதை நம்பிச் சிகிச்சைக்குப் போகாதீர்கள்.

வெளியேற்றும் மருந்துகளிலும் எந்தப் பாதரசம் என்பது முக்கியம். டைமெர்காப்ரால் என்ற ஊசியைக் கடுமையான கனிம உப்பு நஞ்சில் கொடுப்பதுண்டு. மெத்தில் பாதரசத்துக்கு அதைக் கொடுக்கக் கூடாது, பாதரசத்தை மூளைக்குத் தள்ளிவிடும். சக்சிமர் வாய்வழி மருந்து. எதையும் அளவு பார்த்து, இரத்தம் பார்த்து, மருத்துவர்தான் தரவேண்டும்.

வெள்ளைக்கருவின் புரதம் பாதரசத்தைப் பிடித்துக்கொள்வது உண்மை, பழைய காலத்தில் கொடுத்தார்கள். அதைத் தேடி அலையும் பத்து நிமிடத்தில் மருத்துவமனைக்குப் போய்விடலாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போகும்போது அரித்தது, திரும்பி வரும்போதும் அரிக்கும்.

மாலைநிழல் | வெள்ளி, மாலை 6.05

மருத்துவரைப் பார்த்தேன். சிறுநீர்ப் பரிசோதனை இயல்பான அளவில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்கலாம் என்றார்.

தீங்கான கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்கள் இன்று வந்தார்கள். மெர்க்குரிக் குளோரைடு என்றே எழுதிக்கொண்டார்கள், ஆபத்தான சரக்குகளுக்குத் தரும் ஐ.நா. எண் 1624. பாட்டிலைத் திறக்கவில்லை, டப்பாவோடு அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அலமாரியின் பின்வரிசையில் நெஸ்லர் கரைசல் பாட்டில் இரண்டும் இருந்தன, அவையும் போயின. சிங்க்கில் கரைக்கச் சொன்ன மூத்தவர் முழுவதும் கூடவே நின்றார். கழிமுகம் போட்ட கணக்கை அவருக்குக் காட்டினேன். வாசித்துவிட்டு, "இத்தனை வருடம் எவ்வளவு கொட்டியிருப்பேன்" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளோட்டம் | வெள்ளி, இரவு 7.30

எங்கள் ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். அடுத்த வகுப்பிலிருந்து டிராகன்டார்ஃப். மிச்சம் இருக்கும் மேயர் கரைசலை மூடி ஒட்டிவைத்திருக்கிறோம். ஆனால் அந்த சிங்க்? பல வருடமாகக் கொட்டியதெல்லாம் குழாய் வளைவில் இருக்குமே.

கழிமுகம் | வெள்ளி, இரவு 8.12

இருக்கும். இங்கே ஆபத்து உங்களுக்கு அல்ல, என்றைக்காவது அடைப்பு எடுக்க வரும் தொழிலாளிக்கு. அவர் வெறும் கையால் வளைவைக் கழற்றி, சேற்றைத் தரையில் கவிழ்ப்பார். அதற்கு முன்னால் செய்துவிடுங்கள். இப்போதே சிங்க்கின் கீழ் ஒரு அட்டையைக் கட்டுங்கள்: 'வளைவில் பாதரசம் இருக்கலாம். ஆய்வகத்தைக் கேட்காமல் கழற்றாதே.' அமிலமோ அடைப்பு நீக்கும் தூளோ ஊற்றக் கூடாது. கழிவு எடுப்பவர்கள் வரும் நாளில், கீழே ஆழமான பிளாஸ்டிக் தட்டு வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்ட ஆள் வளைவை முழுசாகக் கழற்றி, சேற்றோடு இரண்டு முனையையும் அடைத்து ஒப்படைக்க வேண்டும். புது வளைவு மலிவானது, பழையதைக் கழுவி மறுபடி மாட்ட வேண்டாம்.

வெள்ளோட்டம் | வெள்ளி, இரவு 8.20

அட்டை எழுதிவிட்டேன். நாளை காலை போனதும் கட்டுகிறேன்.